காய்ச்சலுக்குப் பெயர் வேண்டும்

நோய் கொடியது, இன்ன நோய் என்று அறியப்படாமலே மடிவது அதனினும் கொடியது.

தோட்டப்புற மக்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் கங்காணி முறையை எழுதுகின்றனர். நாட்கூலிக் கணக்கை எழுதுகின்றனர். லயத்தையும் கள்ளுக்கடையையும் எழுதுகின்றனர். அம்மக்களைக் கூட்டங் கூட்டமாய்க் கொண்டுபோன காய்ச்சலை மட்டும் ஒரு வரியில் முடித்துவிடுகின்றனர். "காய்ச்சல் கண்டு இறந்தான்" என்பது வரலாறாகுமா? எந்தக் காய்ச்சல்? எக்கிருமியால் வந்தது? எக்கொசு அதனைக் கொணர்ந்தது? எம்மருந்து தரப்பட்டது, எப்போது தரப்பட்டது? இவ்வினாக்களை அன்று கேட்டவர் மிகச் சிலர். இன்று கேட்பவரும் சிலரே என்பதுதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

பாகான் நக்கோடா ஓமாரில் தொடங்கிச் சுங்கை பெசார், சிகிஞ்சான், தஞ்சோங் காராங், கோல சிலாங்கூர், ஜெராம் என நீளும் எம் கடற்கரை வட்டாரத்தில் எவரையேனும் நிறுத்தி மலேரியாவைப் பற்றிக் கேளுங்கள். "அது தாத்தா காலத்துச் சங்கதி அல்லவா, ஐயா?" என்னும் மறுமொழியே கிடைக்கும். அம்மறுமொழியில் பாதி உண்மை உண்டு. கொசுவின் வழியே மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா, 2018 முதல் இந்நாட்டுக்குள் எவருக்கும் தோன்றவில்லை. பல்லாண்டு உழைத்த சுகாதாரப் பணியாளர்களின் வெற்றி அது, தலைவணங்கிப் பாராட்டுவோம்.

மற்றப் பாதி உண்மையோ மேடைகளில் ஒலிப்பதில்லை. அதே 2018இல், குரங்கிடமிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் மலேரியாவால் மலேசியாவில் 4,131 பேர் பாதிக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் சபா, சரவாக் மாநிலத்தவர். எனினும் தீபகற்பத்தின் காட்டோரங்களிலும் நோயாளிகள் உளர். எம் அண்டை மாவட்டமான உலு சிலாங்கூரின் காட்டுக் குரங்குகளிடம் இத்தகைய குரங்கு மலேரியாக் கிருமிகள் இருப்பது 2015இல் ஆய்வாளரால் அறிவிக்கப்பட்டது. தாத்தா காலத்துச் சங்கதி பேரன் காலத்தில் வேறு பெயரோடு வந்து நிற்கிறது.

நான் சொல்ல வருவது ஒன்றே. காய்ச்சலின் பெயரை ஐயமற உரைக்கும் மூலக்கூறுச் சோதனை, நகரத்து ஆய்வுக்கூடத்துக்குச் சூட்டிய அணிகலன் அன்று. காட்டோரத்திலும் தோட்டத்திலும் உழைப்பவனின் உரிமை அது. அதனை அவனுக்கு எட்டாத தொலைவில் வைத்துவிட்டு, நோயை வென்றோம் என்று முழங்குவது நேர்மையாகாது.

பெயர் அறியாமை விளைத்த கேடு

1901இல் மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர் கிள்ளானில் பணியேற்றார். கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியை ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கண்டது 1897இல். இடையே கழிந்தவை நான்கே ஆண்டுகள். 1901இல் கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் மலேரியாவால் மாண்டோர் 368 பேர். வாட்சன் சதுப்பு நிலத்து நீரை வடியச் செய்தார். ஊரைச் சூழ்ந்த காட்டை வெட்டச் செய்தார். 1905இல் அவ்விறப்பு 45ஆகக் குறைந்தது. கடலோரச் சமவெளித் தோட்டங்களிலும் இம்முறை நற்பயன் தந்தது.

அதே முறையை மலைச்சரிவுத் தோட்டங்களில் கையாண்டனர். என்ன நேர்ந்தது? காடு குறைந்தது, காய்ச்சல் கூடிற்று! சமவெளிக் காட்டு நிழலில் தேங்கிய நீரில் வளரும் கொசு ஒரு வகை. அதற்கு அனோபிலஸ் அம்புரோசஸ் என்று பெயர். மலைச்சரிவில் வெயில் படும் தெளிந்த ஓடைநீரில் வளரும் கொசு இன்னொரு வகை. அதற்கு அனோபிலஸ் மாக்குலேட்டஸ் என்று பெயர். காட்டை வெட்டினால் முன்னது ஒழியும், பின்னதோ பெருகும். இரண்டையும் "மலேரியாக் கொசு" என்னும் ஒரே சொல்லுக்குள் அடைத்து வைத்த காலம்வரை, மருந்தே நோயாக மாறிற்று. வகை பிரித்தறிந்த பின்னரே மலைத்தோட்டங்களில் நிலத்தடிக் குழாய் வடிகாலும் எண்ணெய் தெளிப்பும் வந்தன, உயிர்கள் தப்பின.

இப்பாடம் நூறாண்டுக்கு முன்னரே நம் மண்ணில் கற்கப்பட்டது. அதற்கு விலை கொடுத்தவர் நம் பாட்டன் பாட்டியர். பொதுப்பெயர் போதாது, சிறப்புப்பெயர் வேண்டும் என்பதே அப்பாடம். இலக்கணம் கற்பிக்கும் நமக்குப் பொதுப்பெயருக்கும் சிறப்புப்பெயருக்கும் உள்ள வேறுபாட்டைப் பிறர் சொல்ல வேண்டுமோ?

நுண்ணோக்கி கண்டதும் காணாததும்

கொசுவில் நேர்ந்த மயக்கம் கிருமியிலும் நேர்ந்தது. 1931இல் சிங்கப்பூரிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஒரு குரங்கின் இரத்தத்தில் புதுக் கிருமி ஒன்று காணப்பட்டது. கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் இராபர்ட் நோல்ஸ், பிராஜ் மோகன் தாஸ் குப்தா ஆகிய இருவரும் அதனை ஆராய்ந்தனர். அக்கிருமி மனிதரையும் பற்ற வல்லது என்று 1932இல் எழுதினர். கிருமிக்கு இடப்பட்ட பெயர் பிளாஸ்மோடியம் நோலெசி. வெள்ளையர் பெயர் நிலைத்தது. உடன் உழைத்த இந்தியர் பெயர் நூலகத்துக்குள் ஒடுங்கிற்று. அது வேறு வழக்கு; ஈண்டு விரிப்பதற்கில்லை.

1961இல், எம் சிலாங்கூர்க் கடற்கரை நிப்பா மரங்களில் வளரும் அனோபிலஸ் ஹேக்கரி என்னும் கொசுவின் உடலில் இக்கிருமி இயற்கையாகவே இருப்பது கண்டறியப்பட்டது. அக்கொசு குரங்கையே நாடும். மனிதரை அவ்வளவாக நாடாது. ஆதலின் எவரும் அஞ்சவில்லை. 1965இல் பகாங் காட்டில் பணியாற்றித் திரும்பிய ஓர் அமெரிக்க நில அளவையாளருக்குக் காய்ச்சல் கண்டது. நுண்ணோக்கியில் பார்த்தோர் முதலில் ஒரு பெயரைச் சொன்னார்கள், பின்னர் வேறொரு பெயரைச் சொன்னார்கள், இரண்டும் பிழை. அவர் இரத்தத்தைக் குரங்குகளின் உடலில் செலுத்திப் பார்த்த பின்னரே அது நோலெசி என்பது தெளிந்தது. ஒரு மனிதனின் நோய்க்குப் பெயர் காணக் குரங்குகளை நாட வேண்டியிருந்த காலம் அது.

பிழை ஏன் நேர்ந்தது? நோலெசிக் கிருமி தன் இளம்பருவத்தில் பால்சிபாரம் என்னும் கிருமியைப் போலத் தோன்றும். வளர்ந்த பின் மலேரியே என்னும் கிருமியைப் போலத் தோன்றும். தேர்ந்த கண்ணும் மயங்கும். உருவம் ஒத்திருந்தாலும் குணம் ஒத்ததன்று. மலேரியே கிருமி இரத்தத்தில் பெருக எழுபத்திரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். பெரும்பாலும் மெல்லிய நோயே தரும். நோலெசியோ இருபத்து நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும். இன்று ஒன்றாயிருப்பது நாளை பலவாகும். மெல்லிய நோய் என்று ஒரு நாள் வாளாவிருந்தால், அவ்வொரு நாளே உயிருக்கு எல்லையாகக் கூடும்.

சரவாக்கின் காப்பிட் பகுதியில் 1999இல் மலேரியா நோயாளிகளுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு "மலேரியே" என்றே நுண்ணோக்கி பெயர் எழுதிற்று. நோயின் போக்கோ அப்பெயருக்குப் பொருந்தவில்லை. மலேசியரான பேராசிரியர் பல்பீர் சிங்கும் அவர்தம் குழுவினரும் 2000 முதல் 2002 வரை 208 நோயாளிகளின் இரத்தத்தை மூலக்கூறுச் சோதனைக்கு உட்படுத்தினர். விளைவு 2004இல் வெளியாயிற்று. 208 பேருள் 120 பேரிடம் இருந்தது நோலெசி. மலேரியே கிருமி ஒருவரிடமும் இல்லை! 2008இல் அவர்கள் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, நோலெசியால் இறந்த நால்வரைப் பற்றிப் பேசிற்று. அந்நால்வருக்கும் நுண்ணோக்கி எழுதிய பெயர் "மலேரியே". பகாங்கிலிருந்து வந்த ஐந்து இரத்த மாதிரிகளிலும் அதே பெயர் எழுதப்பட்டிருந்தது, ஐந்தும் நோலெசி.

இதற்கு மேலும் சான்று வேண்டுமா? தவறான பெயர் என்பது எழுத்துப் பிழை அன்று, உயிர்ப் பிழை.

சோதனையின் தன்மை

மூலக்கூறுச் சோதனை என்றவுடன் மிரள வேண்டியதில்லை. 2020க்குப் பின் "பி.சி.ஆர்." என்னும் மூவெழுத்தை அறியாத குடும்பம் உண்டோ? கோவிட் காலத்தில் மூக்குச் சளியில் செய்த அதே சோதனையை இங்கு ஒரு துளி இரத்தத்தில் செய்கிறோம். ஒவ்வோர் உயிருக்கும் தனக்கே உரிய மரபணு எழுத்து வரிசை உண்டு. அவ்வரிசையின் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து, வெப்பத்தை ஏற்றியும் இறக்கியும், மீண்டும் மீண்டும் இரட்டிப்பாக்குவதே இம்முறை. தோற்றத்தைப் பார்த்து நுண்ணோக்கி பெயர் சொல்லும். எழுத்தைப் படித்து இச்சோதனை பெயர் சொல்லும். முகம் ஒத்த இரட்டையரை மயங்காமல் பிரிப்பது பிறப்புச் சான்றிதழ் அன்றோ? அத்தன்மையது இது.

நுட்பமும் மிகுதி. ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் ஐம்பது முதல் நூறு கிருமிகள் இருந்தால்தான் வழக்கமான நுண்ணோக்கிப் பார்வையில் அவை அகப்படும். பி.சி.ஆர். சோதனைக்கு ஐந்துக்கும் குறைவான கிருமிகளே போதும்.

மூன்று மறுப்புகள்

இச்சோதனையைத் தோட்டப்புறத்துக்கும் உட்பகுதிக்கும் கொண்டுசெல்ல வேண்டும் என்றால் மூன்று மறுப்புகள் எழுகின்றன. ஒவ்வொன்றாய் ஆராய்வோம்.

முதல் மறுப்பு: "நோயே இல்லை, சோதனை எதற்கு?" இதற்கு இலங்கை விடை சொல்லும். அந்நாட்டில் 1963இல் மலேரியா கண்டோர் பதினேழு பேர் மட்டுமே. வென்றோம் என்று கை ஓய்ந்தது, கண்காணிப்புத் தளர்ந்தது. 1969இல் நோயாளிகளின் எண்ணிக்கை ஐந்து லட்சத்தைக் கடந்தது! பின்னர் பல்லாண்டு அரும்பாடுபட்டு, 2016இல்தான் மலேரியா ஒழிந்த நாடு என்னும் சான்றினை இலங்கை உலகச் சுகாதார நிறுவனத்திடம் பெற்றது. பதினேழு என்னும் எண் வெற்றியின் எண் அன்று, விழிப்பின் எண். நமக்கோ அத்தகைய ஆறுதலும் இல்லை. மனித மலேரியாவை நோயாளியிடம் தொடர்ந்து சென்று அழிக்கலாம். குரங்கின் உடலில் குடியிருக்கும் கிருமியை எந்த லயத்தில் சென்று தேடுவது? காடும் குரங்கும் உள்ளவரை காவலும் வேண்டும்.

இரண்டாம் மறுப்பு: "நுண்ணோக்கி போதும்." நுண்ணோக்கியை இகழ்பவன் நான் அல்லன். நள்ளிரவில் காய்ச்சலோடு வருபவனுக்கு அரை மணியில் முதல் விடை தருவது அதுவே. ஆனால் ஒன்றை எண்ண வேண்டும். நோய் குறையக் குறைய, கிருமியைக் கண்டு பழகிய கண்களும் குறைகின்றன. ஆண்டுக்குப் பல நூறு கிருமிகளைப் பார்த்த பணியாளர் ஓய்வு பெறுகிறார். அவருக்குப் பின் வருபவர் ஆண்டுக்கு ஒன்றைப் பார்ப்பதே அரிது. பழகாத கையெழுத்தைப் படிப்பது எளிதோ? வெற்றியே பார்வையை மங்கச் செய்யும் விந்தை இது. அட்டையில் ஒரு துளி இரத்தம் விட்டுப் பார்க்கும் விரைவுச் சோதனையும் நோலெசிக்கு நம்பத்தக்கதன்று. ஆப்பிரிக்காவின் எரித்திரியாவில், அவ்வட்டை தேடும் புரதத்தையே உண்டாக்காத கிருமிகள் தோன்றிவிட்டன. 2016இல் அந்நாடு வேறு வகை அட்டைக்கு மாற வேண்டியதாயிற்று. கிருமி நம் கருவிகளைக் கண்டு வழி மாறுகிறது. நாம் மட்டும் மாறோம் என்பது அறிவுடைமை ஆகாது.

மூன்றாம் மறுப்பே சினமூட்டுவது: "ஏழைப் பகுதிக்கு இவ்வளவு விலையுயர்ந்த சோதனையா?" பி.சி.ஆர். பொறிக்குத் தடையற்ற மின்சாரம் வேண்டும், குளிர்ப்பெட்டி வேண்டும், பயின்ற ஆள் வேண்டும் என்பது மெய். ஆகவே ஒவ்வொரு சிற்றூர் மருந்தகத்திலும் அப்பொறியை வை என்று எவரும் கேட்கவில்லை. பொறி போகாத இடத்திலிருந்து இரத்தத் துளி வரலாமே! வடிதாளில் ஒரு துளியை இட்டு உலர்த்தி அனுப்பினால், தொலைவிலுள்ள ஆய்வுக்கூடம் அதைச் சோதிக்க முடியும். இது கற்பனையன்று. உலர்ந்த இரத்தப் பொட்டிலிருந்து மலேரியாவைக் கண்டறியலாம் என்பதைப் பல்பீர் சிங்கும் குழுவினரும் மலேசிய நோயாளிகளைக் கொண்டே 1996இல் நிறுவிக் காட்டினர். வசதி குறைந்த இடத்துக்கான வழியை உலகுக்குக் காட்டியோருள் நம் நாட்டவரும் உளர். காட்டிய வழியில் நாமே நடக்கத் தயங்குவதா?

இன்னொரு வழியும் உண்டு. 2000இல் ஜப்பானிய அறிஞர் வெளியிட்ட "லேம்ப்" என்னும் முறைக்கு வெப்பத்தை ஏற்றி இறக்க வேண்டியதில்லை. அறுபத்தைந்து பாகை அளவில் ஒரே சூட்டில் வைத்தால் போதும். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் விடை கண்ணுக்கே புலனாகும். அதற்குரிய கருவி ஒரு மேசையில் அடங்கும். தஞ்சோங் காராங் மருத்துவமனைக்கும் சபாக் பெர்ணம் மருத்துவமனைக்கும் இது இமாலய முயற்சியா? பாகான் நக்கோடா ஓமாரிலிருந்து சுங்கை பூலோவில் உள்ள தேசியப் பொதுச் சுகாதார ஆய்வுக்கூடம் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். ஒரு துளி இரத்தம் அன்றே அங்குச் சென்று, மறுநாளே விடை திரும்புவதற்குத் தேவை பணத்தினும் ஒழுங்கே. அத்தொலைவைக் கடந்து மீனும் நெல்லும் நாள்தோறும் சந்தைக்குப் போகின்றன. இரத்தத் துளி மட்டும் போகாதோ?

சோதனையே மருந்தாகிவிடும் என்று மயங்குவாருக்கும் ஒரு சொல். சோதனையின் விடை வரும்வரை நோயாளியைக் காக்க வைப்பது கொலைக்கு ஒப்பானது. நுண்ணோக்கி மலேரியா என்று காட்டியவுடன் மருத்துவம் தொடங்க வேண்டும். ஆர்ட்டெமிசினின் கூட்டு மருந்து நோலெசிக்கும் பயன் தரும். மூலக்கூறுச் சோதனை அதன் பின்னே வந்து பெயரை உறுதி செய்யும். நோய் எங்கிருந்து வந்தது, எங்கே பரவக்கூடும் என்பதைச் சுகாதாரத் துறைக்கு உணர்த்தும். மருந்துக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், நோயையும் அதன் மூலத்தையும் ஆராய்ந்து செயற்படுமாறு மருத்துவனைப் பணித்தார். மூலத்தை ஆராயும் கருவி இன்று கையில் கிடைத்திருக்கிறது. குறளை ஒப்பிக்கும் நாம் குறள் சொன்ன வேலையைக் கேட்டுப் பெற வேண்டாமா?

லயத்தில் இன்று யார்?

இனி, கசப்பான ஒன்றைச் சொல்ல வேண்டியுள்ளது. எம்மவருள் பலர் தோட்டத்தை விட்டு வெளியேறிவிட்டனர். "இது நம் நோயன்று" என்னும் எண்ணம் அவர்களிடம் மெல்ல வேரூன்றி வருகிறது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக் குலையை அறுக்க இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் வந்தனர். சபாவில் நடந்து 2017இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, பண்ணை வேலையும் தோட்ட வேலையும் புதர் வெட்டுவதும் நோலெசி பற்றுவதற்கு ஏதுக்கள் என்று காட்டிற்று. நோய்க்கு ஆளாகுவோருள் வளர்ந்த ஆண்களே மிகுதி. அதாவது, உழைத்துக் குடும்பத்தைக் காப்பவன்.

அவன் கடல் கடந்து வந்தவன். மருத்துவமனைக் கட்டணத்துக்கு அஞ்சுகிறான். ஆவணம் கேட்பார்களோ என்று அஞ்சுகிறான். ஒரு நாள் சம்பளம் போகுமே என்று அஞ்சுகிறான். காய்ச்சலோடு அறைக்குள் சுருண்டு கிடக்கிறான். கடை மாத்திரையை விழுங்குகிறான். இருபத்து நான்கு மணிக்கொருமுறை பெருகும் கிருமி அவன் அச்சம் தீரும்வரை பொறுத்திருக்குமா? இம்மனிதனை நாம் அறியோமா? கப்பலில் வந்திறங்கி, மொழி தெரியாத நாட்டில், பெயர் தெரியாத காய்ச்சலில் கிடந்தவன் நம் பாட்டன் அல்லனோ? அவனுக்காக அன்று குரல் கொடுத்தவர் இலரே என்று இன்று கட்டுரை எழுதிக் கலங்குகிறோம். இவனுக்காக இன்று குரல் கொடுக்காமல் நாளை யாருடைய கட்டுரைக்குப் பொருளாகப் போகிறோம்?

அச்சமின்றிச் சோதனைக்கு வரலாம் என்னும் உறுதியை அரசு தர வேண்டும். காய்ச்சல் கண்ட தொழிலாளியை அன்றே மருந்தகத்தில் சேர்க்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகம் ஏற்க வேண்டும். இது இரக்கத்தால் செய்யும் தானமன்று. அவன் இரத்தம் சோதிக்கப்படாவிடில், நாடு வெளியிடும் கணக்கும் குறைக்கணக்கே.

ஆசிரியர் செய்யத் தக்கது

"இதில் தமிழாசிரியனுக்கு என்ன வேலை?" என்று கேட்கலாம். வேலை உண்டு; நிரம்ப உண்டு.

"என் மகனுக்குக் காய்ச்சல், பள்ளிக்கு வரவில்லை" என்று பெற்றோர் எழுதும் தாள் நம் மேசைக்கு வருகிறது. வாங்கி வைத்துக்கொள்கிறோம். "எத்தனை நாளாகக் காய்ச்சல்? இரத்தம் பார்த்தார்களா? வீட்டில் வேறு யாருக்கேனும் உண்டா? அண்மையில் காட்டுப் பக்கம் சென்றீர்களா?" என்னும் நான்கு வினாக்களைக் கேட்க எத்தனை நேரம் ஆகும்? காய்ச்சல் கண்ட தந்தை, "காட்டோரத்தில் வேலை செய்கிறேன், மலேரியாவுக்கும் இரத்தம் பாருங்கள்" என்று மருந்தகத்தில் வாய் திறந்து சொன்னால், டெங்கி ஒன்றையே எண்ணியிருக்கும் மருத்துவரின் எண்ணம் விரியும். அவ்வொரு வாக்கியத்தைத் தந்தைக்குச் சொல்லித்தர மகனால் முடியும். மகனுக்குச் சொல்லித்தர நம்மால் முடியும்.

மொழித் தொண்டும் இதில் அடங்கும். நுண்ணோக்கி, ஒட்டுண்ணி, மரபணு, மூலக்கூறு என்னும் சொற்கள் தேர்வுத்தாளோடு சாவதற்குப் பிறந்தவையல்ல. அவை வீட்டுத் திண்ணைக்கும் தேநீர்க்கடைக்கும் போக வேண்டும். தமிழில் அறிவியல் சொல்ல இயலாது என்பார் வாயை அடைக்க வேறு மேடை எதற்கு? உள்ளூர் நோயைப் பற்றி உள்ளூர்த் தமிழில், உண்மை பிறழாமல், ஒரு பக்கம் எழுதிப் பள்ளிச் சுவரில் ஒட்டுங்கள். வளரும் எழுத்தாளரான மாணவர்களே, வானத்து நிலவைப் பாடுங்கள். வேண்டாமென்று தடுப்பார் இலர். நிலவு காயும் நிப்பாக் காட்டில் எக்கொசு வளர்கிறது என்பதையும் கேட்டு எழுதுங்கள். அதுவும் இலக்கியமே.

நம் முன்னோரின் கல்லறைகள் பலவற்றில் பெயர் இல்லை. அவர்களைக் கொன்ற நோய்க்கும் பெயர் இல்லை. முன்னதை இனி நம்மால் திருத்த இயலாது. இனி வரும் காய்ச்சலுக்காவது பெயர் கேட்போம், தமிழனுக்கு வந்தாலும் அயலானுக்கு வந்தாலும் கேட்போம், சொல்லும்வரை கேட்போம்.